மூன்று நாள் அலமாரி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்டி ஒரு காரியம் செய்தார். இருபத்தெட்டு வருஷக் கப்பல் சமையலில் ஒருமுறைகூடச் செய்யாத காரியம். அதையும் விசிலடித்துக்கொண்டே செய்தார், அதுதான் வேடிக்கை.

கரண்டி என்று பெற்றவர்கள் யாரும் பிள்ளைக்குப் பெயர் வைக்க மாட்டார்கள். அது கப்பல் வைத்த பெயர். இருபத்தாறு வயதில் பாத்திரம் தேய்க்கப் போனவர், முதல் புயலிலேயே சமையல்காரர் வாந்தியெடுத்துப் படுத்துவிட, மற்றவர்கள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கப்பல் சாயச் சாயப் பானையை எதிர்ப்பக்கம் சாய்த்து, ஒரு சொட்டு சூப் கீழே சிந்தாமல் காப்பாற்றியிருக்கிறார். மறுநாள் முதல் கரண்டிதான். இப்போது வயது ஐம்பத்து நாலு, தொப்பை கொஞ்சம், முடி அதைவிடக் கொஞ்சம். பதினேழு பேர் வேலை பார்க்கும் ஒரு சரக்குக் கப்பலில் ஒன்பது வருஷமாக ஒற்றை ஆளாகச் சமைக்கிறார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்த்தால் யார் இது என்று அவரே ஒரு நிமிஷம் யோசிப்பார்.

அவர் செய்த காரியம் என்னவென்றால், அலமாரியைத் திறந்தார்.

சமையலறையை ஒட்டிய கிடங்கில் நீலப் பெயின்ட் அடித்த இரும்பு அலமாரி ஒன்று உண்டு. குளிர் அறையில் மேல்தட்டு ஒன்றும் அதோடு சேர்த்தி. இரண்டிலும் பதினேழு பேர் மூன்று நாள் சாப்பிடுகிற சாமான் எப்போதும் இருந்தாக வேண்டும். கப்பல் கரையில் கயிறு கட்டி, இறங்குகிற பாலத்தைப் போடும்வரை அதில் கை வைக்கக் கூடாது. இதைக் காகிதத்தில் அடித்து, கேப்டன் கையெழுத்தோடு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஒன்பது வருஷமாகத் தினம் அந்தக் காகிதத்துக்கு முன்னால் நின்றுதான் கரண்டி வெங்காயம் எடுத்தார். அப்படிப்பட்ட மனிதர் ஏன் திறந்தார் என்றால், அவர் மனசு கப்பலுக்கு முன்னாலேயே போய் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டது.

காரணம் அவர் மனைவி. துறைமுகத்திலிருந்து பத்து நிமிஷ நடையில், மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, முன் அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பிய பிறகு அவரும் மெஷினும்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுப்பதால் அங்கே எல்லாரையும் தெரியும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் வேலையை விட்டுப் போகிறார் என்று காதில் விழுந்ததும், புருஷனைக் கேட்காமலேயே புருஷன் பெயரில் விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் போட்டிக்கு இருந்தார்கள். கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து கையெழுத்தோடு ஒரு கடிதமும் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை.

"நமக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். வருஷத்துக்கு ரெண்டு மாசம்னு பார்த்தா, நாம சேர்ந்து இருந்தது நாலு வருஷம், நாலு மாசம்," என்று போன மாதம் போனில் சொன்னார். "இந்தக் கணக்குப்படி நாம இன்னும் புது ஜோடிதான். பழைய ஜோடியாகி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சலிச்சுக்க வேண்டாமா? வந்து சேருங்க."

கரண்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேப்டனிடம் கடிதம் கேட்டார். கேப்டன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "கரைக்குப் போறப்ப வாங்கிக்குங்க," என்று சொல்லியிருந்தார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை அடிவானத்தில் கரை ஒரு கோடாகத் தெரிந்ததும், சாயங்காலம் ஐந்து மணிக்குத் துறைமுகத்து பைலட் வந்து கப்பலை உள்ளே அழைத்துப் போவார் என்று உறுதிச் செய்தி வந்ததும், கரண்டிக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் கடலில் தன் கடைசிச் சமையல். பதினேழு பேருக்கும் அவரவருக்குப் பிடித்ததைப் போடாமல் போனால் மனசு ஆறுமா? காகிதத்தை ஒருமுறை பார்த்தார். இன்னும் சில மணிநேரத்தில் கயிறு கட்டப்போகிறோம், அதற்கப்புறம் இதெல்லாம் யாருக்கு என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு பூட்டைத் திறந்தார்.

வறுத்த கோழி, பொரித்த மீன், பால் ஊற்றிய காளான் சூப், முட்டைப் பொரியல், பழம் போட்ட கேக். மூன்று நாளைக்கு வைத்திருந்த சாமான் அத்தனையும் ஒரே வேளையில் தட்டுக்கு வந்துவிட்டது. என்ஜின் அறைக்குத் தலைவரான மெஷின் சார் மூன்று தடவை தட்டை நீட்டினார்.

"இதுதான் சார் கப்பல்ல என் கடைசிச் சாப்பாடு," என்றார் கரண்டி.

"கடைசின்னு சொல்லாதய்யா. தொண்டை அடைக்குது," என்று சொல்லிவிட்டு மெஷின் சார் நாலாவது தடவையும் நீட்டினார்.

மூன்றரை மணிக்குக் காற்று திரும்பியது. நாலு மணிக்கெல்லாம் அலை கப்பலின் முன்பக்கத்தில் ஏறி அடித்தது. நாலேகாலுக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் குரல் வந்தது. துறைமுகத்தை மூடிவிட்டார்களாம். பைலட் படகு வெளியே வர முடியாதாம். இந்தக் காற்றில் நங்கூரம் போட்டால் நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு கரையில் மோதுவோம், அதனால் கப்பலை நடுக்கடலுக்குத் திருப்புகிறோம் என்றார். ஜன்னல் வழியே தெரிந்துகொண்டிருந்த கரைக்கோடு மெல்ல நகர்ந்து பின்னால் போயிற்று.

கரண்டி கிடங்குக்கு ஓடினார். குளிர் அறையில் மேல்தட்டு காலி. அலமாரி காலி. காகிதம் மட்டும் அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மீதி என்ன இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் விசில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கேப்டன் ஒவ்வொரு பிரிவின் தலைவரையும் சாப்பாட்டு அறைக்கு வரச் சொன்னார். வரைபடத்தை மேஜையில் விரித்து, அது சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் கோப்பை வைத்திருந்தார்கள்.

"புயல் எப்ப நகரும்னு தெரியல. ரெண்டு வழி இருக்கு," என்றார் கேப்டன். "இங்கேயே சுத்திட்டிருந்து, துறைமுகம் திறந்ததும் உள்ள போகலாம். இல்லன்னா தெற்கே ரெண்டு நாள் தூரத்துல இன்னொரு துறைமுகம் திறந்திருக்கு, அங்க போய் நிக்கலாம். அங்க போனா இந்த ஊருக்குத் திரும்பி வர அடுத்த வாரம் ஆகிடும். என்ஜினுக்கு எண்ணெய் எப்படி?"

"பத்து நாளைக்கு இருக்கு," என்றார் மெஷின் சார்.

"குடிதண்ணி?"

"அதுவும் இருக்கு."

கேப்டன் கரண்டியின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட கேக்கவே வேண்டாம். அலமாரி பத்திரமா இருக்குல்ல?"

இந்த இடத்தில் கரண்டியின் நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். "இருக்கு சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கப்பல் இங்கேயே நிற்கும், வியாழக்கிழமைக்குள் கரை சேர வழி உண்டு, கடிதமும் கைக்கு வரும். இல்லை என்று சொன்னால் சாப்பாடு இல்லாத கப்பலை எந்தக் கேப்டனும் புயலில் சுற்ற விடமாட்டார், தெற்கே திருப்பிவிடுவார். வேலை போயிற்று. கடிதமும் போயிற்று. ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம், அதுவரை இதே வாளிமேல் உட்கார வேண்டியதுதான். மீதியை வைத்து யாருக்கும் தெரியாமல் ஒப்பேற்றும் சாமர்த்தியம் தனக்கு இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியும். ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தார்.

ஆனால் தான் சொல்லப்போகும் கணக்கை நம்பித்தான் கேப்டன் பதினேழு பேரைக் கடலில் நிறுத்தப்போகிறார். அதை நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அலமாரியைத் திறந்துட்டேன் சார். நேத்து மத்தியானம். ஒண்ணும் மிச்சம் இல்ல."

எல்லாரும் கரண்டியைப் பார்த்தார்கள். மெஷின் சார் மட்டும் குனிந்து தன் வயிற்றைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏன்?" என்றார் கேப்டன்.

"வீட்டுக்கு வந்துட்டோம்னு நினைச்சுட்டேன் சார்."

கேப்டன் வரைபடத்திலிருந்து கையை எடுத்தார். கரண்டிக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. கீழே பூமியும் இல்லை, தண்ணீர்தான்.

"வேற என்ன இருக்கு?"

இது கரண்டிக்குத் தெரிந்த பாஷை. நிமிர்ந்து நின்றார். "மாவு ஒண்ணரை மூட்டை. அரிசி இருபது கிலோ. வெங்காயம் ஒரு மூட்டை, உருளைக்கிழங்கு அரை மூட்டை. பயறு எட்டுக் கிலோ, தக்காளி டின் ஆறு, பால்பவுடர் ரெண்டு டின், முட்டை முப்பத்தாறு. சர்க்கரை, டீத்தூள், எண்ணெய் இருக்கு. மூணு வேளையும் போடுவேன் சார், இன்னைலேர்ந்து வியாழக்கிழமை வரைக்கும் நாலு நாள். யாரும் பசியோட எழுந்திருக்க மாட்டாங்க. பிரமாதம்னும் யாரும் சொல்ல மாட்டாங்க. அதுக்கு மேல ஒரு நாள்னா என்னால முடியாது. அதையும் சொல்லிடறேன்."

கேப்டன் வரைபடத்தில் விரல் வைத்து அளந்தார். "அப்ப நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இங்க சுத்தலாம். அதுக்குள்ள நல்ல சேதி வரலன்னா தெற்கே திருப்பிடுவேன். அந்த ரெண்டு நாள் பயணத்துக்கு ரெண்டு நாள் சாப்பாடு உங்க கையில மிச்சம் இருக்கணும். கடிதத்தைப் பத்திக் கயிறு கட்டினப்புறம் பேசிக்கலாம்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் கரண்டிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆடுகிற கப்பலில் சமைப்பது தனி வித்தை. பானையைப் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது. அடுப்பைச் சுற்றிக் கம்பி போட்டு, பாத்திரத்தை நாலு பக்கமும் இறுக்க வேண்டும். கொதிக்கிற எண்ணெய் என்ற பேச்சே எடுக்கக் கூடாது, ஆளைப் பொரித்துவிடும். மேஜையில் ஈரத்துணி விரித்தால்தான் தட்டு நழுவாமல் நிற்கும். பாதிப் பானையில் பதினேழு பேருக்கு ஆகாது என்பதால் கரண்டி ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு முறை சமைத்தார். கிடங்குக்குள் போய், இடுப்பை அலமாரிக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றுதான் மாவு பிசைந்தார். காகிதம் முதுகில் உரசிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு முட்டையும் சுடச்சுட ரொட்டியும் கொடுத்தார். ரொட்டி வாசனை படிக்கட்டு வழியாக மேலே ஏறி, கப்பல் முழுக்கச் சுற்றி, பாதி வேலையை அதுவே முடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வெங்காயத்தின் நாள். ஒரு மணிநேரம் சின்னத் தீயில் வதக்கி, இனிப்பும் கருப்புமாக எடுத்து, பயறோடு சேர்த்து அரிசியில் புரட்டினார். உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டார். கதவோரம் நின்று ஒவ்வொரு தட்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். தட்டில் மிச்சம் இருந்தால் ருசி சரியில்லை, ஆள் எழுந்திருக்கத் தயங்கினால் அளவு சரியில்லை. தயங்கின ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டி பறந்து போகும். அந்த நாலு நாளும் அவர் மட்டும் கடைசியாக, நின்றுகொண்டே, அடிப்பானையைச் சுரண்டித்தான் சாப்பிட்டார்.

"என்னய்யா, காலைல வெங்காயம், இப்பவும் வெங்காயமா?" என்று மெஷின் சார் மூக்கால் அழுதார்.

"ஞாயித்துக்கிழமை நாலு தட்டு சாப்பிட்டீங்களே, அதை நினைச்சுக்கிட்டே சாப்பிடுங்க சார். கோழி வாசனை வரும்."

சாப்பாட்டு அறையே சிரித்தது. மெஷின் சார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுந்து போனார். அரைமணி நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு பெரிய சீஸ் டின்னை எடுத்து மேஜையில் வைத்தார். கட்டிலுக்கு அடியில் இரண்டு மாதமாக ஒளித்து வைத்திருந்ததாம். யார் கொடுத்தது என்று வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் அடுத்த பயணத்தில் எல்லாரும் தன் கட்டிலுக்கு அடியில் குனிவார்கள் என்றார். கரண்டி வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேப்டனே சமையலறை வாசலுக்கு வந்தார். கரண்டி மாவுக் கையோடு நின்றார். தெற்கா, இங்கேயா என்பது இந்த நிமிஷத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"காத்து நாளைக்கு இறங்கும்னு சேதி வந்திருக்கு. வியாழக்கிழமை காலைல திறப்பாங்களாம். ஆனா உறுதியில்ல," என்றார் கேப்டன். "ரெண்டு நாள் இருக்கா உங்ககிட்ட?"

"ரெண்டரை நாள் இருக்கு சார்."

"அரை நாள் எங்கேர்ந்து வந்துச்சு?"

"சீஸ் சார்," என்றார் கரண்டி. அதற்குமேல் சொல்லவில்லை.

கேப்டனும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, கப்பலை இங்கேயே நிறுத்தினார்.

புதன்கிழமை மத்தியானம் காற்று சொன்னபடி இறங்கியது. கரைக்கு எதிரே நங்கூரம் போட்டார்கள். மேல்தளத்தில் புகைபோக்கிக்குப் பின்னால் நின்றால் போனில் சிக்னல் ஒரு கோடு கிடைக்கும் என்று யாரோ கண்டுபிடிக்க, அங்கே பெரிய வரிசை நின்றது. கரண்டியின் முறை வந்தது.

"எங்க இருக்கீங்க?" என்றார் மனைவி. பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்.

"உன் ஜன்னலுக்கு நேரா. எட்டிப் பார்த்தா தெரிவேன்."

"நான் மூணு நாளா எட்டித்தான் பார்த்துட்டிருக்கேன். வெறும் தண்ணிதான் தெரிஞ்சுது. சாப்பிட்டீங்களா?"

அந்த ஒரு கேள்வி கரண்டிக்குப் போதுமாக இருந்தது. நடந்ததை எல்லாம் கொட்டினார். தையல் மெஷின் சத்தம் நின்றது.

"கேப்டன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன். கடிதம் கிடைக்குமான்னு தெரியல. நாளைக்குப் பத்து மணிக்குள்ள வர முடியுமான்னும் தெரியல."

"சரி, நீங்க வர்ற வழியைப் பாருங்க. பத்து மணியை நான் பார்த்துக்கறேன்," என்றார் மனைவி. அதெப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்பதற்குள் கோடு போய்விட்டது.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு பைலட் கயிற்றேணியில் ஏறி வந்தார். பைலட்டுக்குக் கப்பல் சார்பில் ஒரு தட்டு போக வேண்டும், அது கப்பலின் மானம். கப்பலே பட்டினி கிடந்தாலும் அந்தத் தட்டு நிறைந்திருக்க வேண்டும் என்பதில் கரண்டிக்கு இரண்டு பேச்சே கிடையாது. முப்பத்தாறு முட்டையில் திங்கட்கிழமை பதினேழு, புதன்கிழமை பதினேழு போக மீதி இரண்டை, மெஷின் சார் கண்ணில் படாமல் தேயிலை டப்பாவுக்குள் வைத்திருந்தார். அந்த இரண்டையும் பொரித்து, சூடான ரொட்டி, வெங்காயமும் சீஸும், கடைசிப் பால்பவுடரில் போட்ட கெட்டியான காபியோடு மேலே கொண்டுபோனார்.

பைலட் ரசித்துச் சாப்பிட்டார். "நீங்கல்லாம் கொடுத்து வெச்சவங்க. விடியக்காலைல ஒரு கப்பல்ல எனக்கு வெறும் பிஸ்கட் கொடுத்தாங்க. புயல்ல சாமான் தீர்ந்துபோச்சாம். இங்க பாருங்க, ராஜாவாட்டம் சாப்பிடறீங்க."

சுக்கானைப் பிடித்திருந்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கியதைக் கரண்டி பார்த்தார்.

ஒன்பதே முக்காலுக்குக் கயிறு கட்டினார்கள். பாலம் போட்டார்கள். ஆனால் கரை அதிகாரிகள் வந்து எல்லார் காகிதத்தையும் பார்த்து முடிக்கும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. மணி பத்து ஆனது, பத்தரை ஆனது. கரண்டி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, பாலத்து முனையில் ஒற்றைக்காலில் நின்றார். பதினொன்றுக்கு அனுமதி வந்தபோது கேப்டன் ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உறை ஒட்டியிருந்தது.

"நீங்க பிரிக்கக் கூடாது," என்றார் கேப்டன். பிறகு கையை நீட்டினார். ஒன்பது வருஷத்தில் இரண்டாவது தடவையாக இருவரும் கைகுலுக்கினார்கள்.

கரண்டி ஓடினார். நாலு மாதமாக ஆடுகிற தரையில் நடந்த கால், ஆடாத தரையில் தடுமாறியது. கப்பல் சாமான் கடைத் தெரு, முடிவெட்டும் கடை, பழக்கடை எல்லாம் தாண்டி, மூச்சு வாங்க ஆஸ்பத்திரிப் படி ஏறினார். கண்டிப்பாக மற்ற இரண்டு பேரில் ஒருத்தரை எடுத்திருப்பார்கள். உறைக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம் வேறு.

இரண்டாவது மாடி நடையில் ஒரு பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய சான்றிதழ் அடங்கிய கோப்பு. ஒன்பது மணிக்கே வந்து இடம் பிடித்துவிட்டாராம்.

"மூச்சு விட்டுக்குங்க முதல்ல," என்று சொல்லித் தன் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார். "உள்ள நிர்வாகி அம்மா காத்திருக்காங்க. மத்த ரெண்டு பேரையும் பார்த்துட்டாங்க."

"எனக்காகவா காத்திருக்காங்க? ஒரு மணிநேரம் லேட்டு."

"பத்து மணிக்கு உங்களைக் கூப்பிட்டாங்க. நான் எழுந்து போனேன். அவர் எங்கன்னாங்க. ஜன்னலுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அதோ அந்தக் கப்பல்தான், மேல புகை வருது பாருங்க, அதுதான் அவரோட அடுப்பு, கயிறு கட்டின பிறகும் கடமையா சமைச்சிட்டிருக்கார்னு சொன்னேன்."

"அது என்ஜின் புகைம்மா!"

"எனக்குத் தெரியாதா? அவங்களுக்குத் தெரியாதுல்ல. போங்க உள்ள."

நிர்வாகி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். கோப்பைப் புரட்டினார், கடித உறையை வாங்கிப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"எல்லார்கிட்டயும் கேட்ட கேள்விதான். உங்க வேலையில நீங்க செஞ்ச பெரிய தப்பு எது? எப்ப செஞ்சீங்க?"

"போன ஞாயித்துக்கிழமைம்மா," என்றார் கரண்டி. "இன்னைக்குக் காலைலதான் முடிஞ்சுது."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கரண்டி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கேக்கில் பழம் போட்டதைக்கூட விடவில்லை. கேட்டு முடித்த பிறகுதான் அந்த அம்மா உறையைப் பிரித்தார். தனக்குள் படித்தார். பிறகு வாய்விட்டே படித்தார்.

"இவர் ஞாயிற்றுக்கிழமை கப்பலின் விதியை மீறினார். திங்கட்கிழமை நான் கேட்டபோது, பொய் சொல்வது இவருக்கு லாபமாக இருந்தும் உண்மையைச் சொன்னார். அந்த உண்மையை வைத்துத்தான் கப்பலை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். அதன்பின் பதினேழு பேரில் ஒருவரும் பசியோடு எழவில்லை, இவரைத் தவிர. இவரை உங்களுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் கொடுக்கிறேன்."

கரண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. தான் அடிப்பானையைச் சுரண்டியதைக் கேப்டன் பார்த்திருப்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"எங்க ஸ்டோர்ல வாராவாரம் நானே வந்து எண்ணிப் பார்ப்பேன்," என்றார் நிர்வாகி அம்மா. "திங்கட்கிழமை காலை அஞ்சு மணிக்கு வந்துடுங்க. இருநூறு பேருக்குக் கஞ்சி. ஆமா, அந்தப் புகை நிஜமாவே உங்க அடுப்புதானா?"

"இல்லம்மா. அது என்ஜின்."

"நினைச்சேன்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா முதல்தடவையாகச் சிரித்தார்.

வெளியே வந்து மனைவியிடம் சொன்னார். அவர் கோப்பை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு, "என்ஜின்னு சொல்லலன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே," என்று அலுத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து படி இறங்கினார்கள். புயல் அடித்து ஓய்ந்த தெருவில் இன்னும் இலையும் காகிதமும் ஒட்டிக்கிடந்தன. வெயில் நன்றாக இருந்தது. கரண்டிக்கு மனசு பஞ்சாய்ப் பறந்தது.

தெருமுனையில் மனைவி சட்டென்று நின்றார். பூட்டுச் சாவி ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் சின்னப் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தார். மனைவி இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடுங்கண்ணே."

"தொலைஞ்சு போச்சாம்மா?"

"இல்ல. இத்தனை நாள் ஒண்ணே போதுமா இருந்துச்சு."

கரண்டி மனைவியைப் பார்த்தார். அவர் சொன்னது உண்மைதான். வருகிற தேதியை எழுதிப்போட்டு, வந்து கதவைத் தட்டி, அவர் திறக்க உள்ளே போய், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிற மனிதருக்குச் சாவி எதற்கு? விருந்தாளி கையில் யார் சாவி கொடுப்பார்கள்? அரம் ராவுகிற சத்தத்தில் பித்தளைத் தூள் பறந்தது. புதுச் சாவி சூடாக இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டபோது கரண்டிக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நின்று அழுதார். கடைக்காரர் பாவம், சாவி சரியில்லையோ என்று பயந்துபோனார்.

மாடிப்படி ஏறிப்போய் வாசலில் நின்றார்கள். மனைவி வழக்கம்போல் முன்னால் போகவில்லை. பையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார். கரண்டி சாவியைப் போட்டுத் திருகினார். திறக்கவில்லை. மறுபடி திருகினார்.

"அந்தப் பக்கம் இல்லங்க," என்றார் மனைவி. "இடதுபக்கம் திருப்புங்க."